கடைசி ஒரு தள்ளு

“சோத்துக்கு ஒரு வாசல் வைங்க. வாசலுக்கு ஒரு…”

பெருந்துறைப் பக்கத்தில் பவளாத்தாள் மஹாலுக்கு அஸ்திவாரம் போட்ட அன்று, நாச்சிமுத்துப் பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படி ஏதோ சொன்னார். வாசலுக்கு ஒரு என்ன என்பது யாருக்கும் நினைவில்லை. உச்சி வெயில். கூட்டம் முழுக்க மோர்ப்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவரையே கேட்டதற்கு, “நானா பேசுனேன்? நல்லாப் பேசுனனா?” என்று திருப்பிக் கேட்டார்.

மஹாலைக் கட்டிய செங்கோட்டுவேல் அந்தக் காலி இடத்தில் தன் இஷ்டப்படி ஒரு பூட்டை மாட்டிக்கொண்டார்.

அவருக்குக் காரணம் இருந்தது. பந்தியில் ஒருவன் ரசத்தில் இருக்கும்போதே அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இவன் எப்போது மோருக்கு வருவான் என்று காத்து நிற்கும் ஜனத்தை அவர் நிறையப் பார்த்திருந்தார். அவருடைய மகள் கல்யாணத்தில் சம்பந்தியின் அண்ணன் மூன்று பந்திக்கு முயன்றும் இடம் கிடைக்காமல், ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு பஸ் ஏறிப் போனார். அந்தப் பழம் பத்து வருடமாகச் செங்கோட்டுவேலின் தொண்டையில் நின்றது.

அதனால்தான் அந்த மஹாலின் பந்திக்கூடத்துக்குத் தானாக நகரும் கண்ணாடிக் கதவும், அதன் தலைக்கு மேல் மோட்டார் வைத்த ஒரு பூட்டும் வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது கதவு. பெரிய ஒற்றைக் கண்ணாடி. தண்டவாளத்தில் ஏற்றியதுமே அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, மறுபடி ஓடியது. அடுத்து நிலைக்கு மேலே ஒரு கண்ணை மாட்டினார்கள். கறுப்பாக, கட்டைவிரல் அளவு. வாசலின் எந்தப் பக்கம் யார் வந்தாலும் அது பார்த்துச் சொல்லும். கண் சொல்வதைக் கேட்டு உத்தரவு போட, பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு சின்னப் பேட்டரி உட்கார்ந்தது. ஈரோட்டுக் கடையில் வாங்கியது. அதன் பேச்சும் ஈரோட்டுப் பேச்சுதான்.

கடைசியாக அட்டைப்பெட்டியிலிருந்து பூட்டு வெளியே வந்தது.

“என் கொக்கி எஃகு,” என்றது அது, வணக்கம்கூடச் சொல்லாமல். “எழுநூறு கிலோ வைத்து இழுத்தாலும் விடமாட்டேன்.”

“எழுநூறா!” கதவு கிளுகிளுத்தது. “நானே நூறு கிலோதான் அண்ணே. விரல் பட்டா ஓடிப்போயிருவேன்.”

“இனிமேல் ஓடமாட்டாய்.”

“புடி பாக்கலாம்!” என்று கதவு ஓடியது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பிரான்சிஸ் ஏணியில் நின்றபடி இரண்டு கம்பிகளைச் சேர்த்தான். க்ளக். கதவு பாதி ஓட்டத்திலிருந்து திரும்பி வந்து பிடிபட்டு நின்றது.

“ஐயோ, கூசுது!” என்றது கதவு.

மாலைக்குள் சோதனை முடிய வேண்டும். மறுநாள் காலையில் முதல் கல்யாணம், எண்ணூறு பேர். “இன்னிக்கு எப்பிடி வெச்சுப் பொட்டி மூடிய முறுக்கறமோ அப்பிடித்தானுங்க நாளைக்கு வேல செய்யும்,” என்று பிரான்சிஸ் காலையிலேயே சொல்லியிருந்தான். “சரியா வரலீன்னா பூட்டக் கழட்டி அட்டப்பொட்டியில போட்டுக் கொண்டுபோயிர்றேன்.”

அட்டைப்பெட்டி இன்னும் மூலையிலேயே திறந்து கிடந்தது. பூட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டது.

சோதனைக்கு முன்னால் பூஜை. செங்கோட்டுவேல் சந்தனக் கிண்ணத்தோடு ஏணி ஏறினார். கதவுக்கு ஒரு பொட்டு. பெட்டிக்கு ஒரு பொட்டு. பூட்டுக்கு ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். அடுத்து, மனசார, கண்ணின் மேல் பெரிதாக ஒரு பொட்டு.

“ஐயோ, இருட்டிப் போச்சே!” என்று கண் அலறியது. “விடிஞ்சதா, பொழுது போச்சா?”

செங்கோட்டுவேல் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முதல் ஆளாகக் கம்பீரமாக வாசலை நோக்கி நடந்தார். கதவு திறக்கவில்லை. அவர் மூக்கு கண்ணாடியில் போய் நின்றது.

“அண்ணா, அது கண்ணுங்க!” என்று பிரான்சிஸ் ஓடி வந்தான்.

“தெரியாதா எனக்கு? கண்ணுக்கு மேல நெத்தியிலதான வெச்சேன்.”

“அது மொத்தமும் கண்ணுதானுங்க. அதுக்கு நெத்தியே கெடையாது.”

கதவு சிரித்த சிரிப்பில் தண்டவாளம் குலுங்கியது. பிரான்சிஸ் துணியால் சந்தனத்தைத் துடைத்தான். கண்ணுக்குப் பார்வை வந்ததும் முதலில் தெரிந்தது சிவந்துபோன ஒரு மூக்கு. அது உடனே பெட்டிக்குச் சொல்ல, பெட்டி பூட்டுக்குச் சொல்ல, பூட்டு கொக்கியை விட, கதவு ஒதுங்கி வழிவிட்டது.

“ம்,” என்றார் செங்கோட்டுவேல், மூக்கைத் தடவிக்கொண்டு. “மரியாத தெரிஞ்ச கதவுதான்.”

பிரான்சிஸ் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு சின்னச் சுவிட்சைக் காட்டினான். அதன் ஒரு பக்கம் ‘மாட்டு’ என்றும் இன்னொரு பக்கம் ‘கழட்டு’ என்றும் அவனே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தான்.

“ஒரே ஒரு கேள்விதானுங்க பாக்கி. கரண்டு போச்சுன்னு வெச்சுக்குங்க. இந்தப் பேட்டரிக்கு ஒரே ஒரு தள்ளுக்குத்தான் தெம்பு இருக்குது. அந்தக் கடைசித் தள்ளுல கொக்கிய மாட்டிப்போட்டு நிக்கறதா, கழட்டிப்போட்டு நிக்கறதா? மாட்டுச்சுன்னா கரண்டு வர்ற வரைக்கும் ஆரு வந்தாலும் அசையாது. கழட்டுச்சுன்னா ஆரு வேணும்னாலும் கதவத் தள்ளிக்கலாம்.”

“ஆரு வேணும்னாலும்னா, கூட்டம்?”

“கூட்டமுந்தானுங்க.”

செங்கோட்டுவேலின் தொண்டையில் பழம் அசைந்தது. “மாட்டு,” என்றார்.

“உள்ள இருக்கறவங்க வெளிய வரோணுமுங்களே?”

“சோறு இருக்கற பக்கம் இருக்கறவனுக்கு என்ன தம்பி கொறச்சல்?”

“உள்பக்கம் ஒரு பட்டனாவது வெச்சர்லாமுங்க. அமுத்துனா தொறந்துக்கும்னு.”

“எச்சக் கையில பட்டனா! மொத நாளே பாயசம் ஊறிப் போயிரும். கை கழுவற கொழாயே கதவுக்கு வெளியத்தான் இருக்குது. கையே படாம வந்து போகோணும்னுதான இத்தன பாடு? கண்ணு பாத்துத் தொறக்கட்டும். சாவின்னு ஒண்ணு குடுப்பீங்கல்ல?”

“கூரியர்ல வந்துட்டு இருக்குதுங்க.”

சுவிட்ச் ‘மாட்டு’ பக்கம் போனது. பூட்டு பேட்டரியைக் குனிந்து பார்த்தது.

“கேட்டாயா?”

“கேட்டனுங்க.”

“உன் கடைசித் தெம்பு என் பெருமைக்கு.”

“அதுக்கென்னுங்க. எந்தப் பக்கம் தள்ளச் சொன்னாலும் தள்ளிர்றேன்,” என்றது பேட்டரி. “ஒண்ணே ஒண்ணுதானுங்க. தள்ளுன கையோட நான் கண்ண மூடிக்குவேன். அதுக்கப்பறம் நடக்கறத எல்லாம் நீங்கதான் முழிச்சிருந்து பாக்கோணும்.”

“பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.”

“சரிங்க,” என்றது பேட்டரி.

மஹாலில் முதல் இலை அதைக் கட்டியவர்களுக்குத்தான் என்று செங்கோட்டுவேல் முன்பே சொல்லியிருந்தார். கொத்தனார், டைல்ஸ் ஒட்டியவர், பெயின்டர், எலக்ட்ரீசியன், பிளம்பர், ஜெனரேட்டர்காரர், சித்தாள் பெண்கள் என்று ஐம்பது பேர். அவர்களை வைத்தே கதவையும் சோதித்துவிடலாம் என்பது ஏற்பாடு.

அன்று மத்தியானம் கதவுக்குத் திருவிழா.

“பக்கத்துல போனாவே தொறக்குதுடோய்!” என்றார் டைல்ஸ்காரர். உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார்.

“ஏனுங்க, சோறு உள்ளதான இருக்குது, நீங்க ஏன் ஊஞ்சலாடறீங்க?” என்றாள் சித்தாள் பாவாயி.

“கதவு வணக்கம் வெக்குது பாவாயி. திருப்பி வெக்கோணுமில்ல?”

ஒரு பெயின்டர் பின்பக்கமாக நடந்து வந்து பார்த்தார், முதுகைப் பார்த்தாலும் திறக்குமா என்று. திறந்தது. கொத்தனார் தவழ்ந்து வந்து பார்த்தார். அதற்கும் திறந்தது. கண்ணுக்குத் தலை சுற்றியது. “வர்றாங்க, போறாங்க, வர்றாங்க, இல்ல இது அதே ஆளு, தவழ்றாங்க, ஐயோ!” என்று அது பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பூட்டு க்ளக், க்ளக் என்று விட்டும் பிடித்தும் வேர்த்துப்போனது.

ஐம்பது பேரும் இலையில் உட்கார்ந்ததும் செங்கோட்டுவேல் கையைத் தட்டினார். பிரான்சிஸ் ஒரு விசையைத் திருப்பினான். க்ளக். பூட்டு பிடித்தது. வெளியிலிருந்து இனி யாரும் வர முடியாது. உள்ளிருப்பவர் வாசலுக்கு வந்தால் கண் பார்த்துத் திறந்துவிடும்.

“இப்ப சாப்பிடுங்க, நிம்மதியா,” என்றார் செங்கோட்டுவேல். “உங்க முதுகுக்குப் பின்னால ஒருத்தன் நிக்க மாட்டான்.” சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே பரிமாறக் கிளம்பினார். பிரான்சிஸையும் இழுத்து ஒரு இலையில் உட்காரவைத்தார்.

கூடத்தின் மறுகோடியில் சமையல்கட்டு நிலை. அங்கே சமையல்காரர் மாரப்பன் கரண்டியோடு நின்றிருந்தார். நாளைய கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டிச் சூடம் காட்டியாகிவிட்டது. அந்த நேரத்திலிருந்து எச்சில் கையோடு யாரும் அவருடைய நிலையைத் தாண்டக் கூடாது. தெரியாத்தனமாக நுழைந்த ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனையே சட்டையைப் பிடித்துத் திருப்பி அனுப்பியவர் அவர்.

பூட்டு தூரத்திலிருந்து அவரைக் கவனித்தது. “அவர் நம்ம இனம்,” என்றது கதவிடம்.

“கொக்கி இல்லியே அண்ணே?”

“கரண்டி வைத்திருக்கிறார். நிற்கிற நிலையைப் பார். அப்படித்தான் நிற்க வேண்டும்.”

ரசம் ஊற்றும்போது கரண்டு போனது.

மின்விசிறிகள் தயங்கித் தயங்கி நின்றன. பெட்டிக்குள் பேட்டரி ஒரு மூச்சு இழுத்தது. “போயிட்டு வர்றனுங்க,” என்று சொல்லி, இருந்த தெம்பையெல்லாம் சேர்த்துக் கொக்கியை ஒரு தள்ளு தள்ளியது. இதுவரை இல்லாத இறுக்கமாகக் கொக்கி போய் உட்கார்ந்தது. பேட்டரி தூங்கிவிட்டது. கண்ணும் அணைந்தது.

உள்ளே யாரும் கவலைப்படவில்லை. ரசம் முடிந்து பாயசம் வந்தது. பாயசம் முடிந்து தயிர் வந்தது. அதன்பின் ஒருவர் ஒருவராக எழுந்து, வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு, வாசலுக்கு வந்து நின்றார்கள்.

கதவு அசையவில்லை.

“கண்ணு பாக்கலியாட்ட இருக்குது. கொஞ்சம் குதிச்சுப் பாருங்க,” என்றார் கொத்தனார்.

டைல்ஸ்காரர் குதித்தார். பெயின்டர் இடுப்பை ஆட்டினார். சித்தாள் பெண்கள் நான்கு பேர் கும்மி போல ஒரு சுற்று வந்தார்கள், கையைத் தட்டாமல். தட்டினால் தயிர் தெறிக்கும். பத்து நிமிடத்துக்குள் அந்த வாசலில் முப்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“கரண்டு இல்லாம அது குருடுங்க!” என்று கத்தினான் பிரான்சிஸ். “எத்தன ஆடுனாலும் தெரியாது!”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா? மூச்சு வாங்குது எனக்கு.”

“ஜெனரேட்டரப் போடுங்கப்பா. ஜெனரேட்டர்காரன் எங்க?”

“இங்கதானுங்க,” என்று பின்னால் இலையிலிருந்து ஒரு குரல். “ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிட்டு இருக்கறேன். ஜெனரேட்டரு வெளிய இருக்குதுங்க.”

“பூட்டுச் சாவி?”

“கூரியர்ல இருக்குதுங்க.”

“டம்ளர் தண்ணிய எடுத்து எலையிலயே கையக் கழுவிக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். செங்கோட்டுவேல் பதறிப்போனார். “மொதப் பந்தி! எலையில கை கழுவுனா மஹாலு வெளங்குமா? ஒருத்தரும் கழுவாதீங்க, நில்லுங்க!”

ஐம்பது தலைகளும் மெல்லச் சமையல்கட்டின் பக்கம் திரும்பின. அதற்குப் பின்கதவு உண்டு. மாரப்பன் நிலையின் நடுவே வந்து நின்று கால்களை அகட்டிக்கொண்டார்.

“எச்சக் கையோட ஒருத்தர் இந்த நெலையத் தாண்டுனாலும் சரி. நாளைக்கு எண்ணூறு பேருக்கு நீங்களே பொங்கிப் போட்டுக்குங்க.”

“அண்ணா, கை காயுதுங்கண்ணா.”

“காயட்டும்.”

“மூக்கு அரிக்குதுங்க!”

“எடது கை எதுக்கு இருக்குது?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. “பார், ஒரு கொக்கி, ஐம்பது பேர்! அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். நடுவில் ஒரு ஈ அசையுமா?”

கதவு சிரிக்கவில்லை. அதன் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

வெளியே முகப்பில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு சேலைத் தூளி கட்டியிருந்தது. பாவாயியின் குழந்தை அதில்தான் தூங்கியது, ஒன்றரை வயது. வாசலுக்கு நேரே தெரிகிறபடி பாவாயி கட்டியிருந்தாள், சாப்பிடும்போது அவ்வப்போது பார்த்துக்கொள்ள.

தூளி அசைந்தது. ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இன்னொரு கால். தரைக்கு ஒரு சாண்தான் உயரம். குழந்தை மெல்ல இறங்கி, நின்று, சுற்றிப் பார்த்து, யாருமில்லாத முற்றத்தில் தனக்குப் பிடித்த திசையில் நடக்க ஆரம்பித்தது.

“அண்ணே, விடு,” என்றது கதவு.

“உத்தரவு இல்லை.”

“அண்ணே, புள்ளை.”

அப்போது பிளம்பர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். “தரைத்தொட்டி மூடிய நான் போடலீங்க,” என்றார். “சாப்பிட்டு வந்து போட்டுக்கலாம்னு…”

முற்றத்தின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி வாய் திறந்து கிடந்தது. சதுரமாக, கறுப்பாக. குழந்தை அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

“அம்முணி!” என்று பாவாயி கத்தினாள். கண்ணாடி அந்தச் சத்தத்தை வெளியே விடவில்லை. அவள் தயிர்க் கையோடு கதவில் பாய்ந்தாள். பின்னாலேயே பத்துப் பேர் தோள் கொடுத்தார்கள். கொக்கி பிடித்துக்கொண்டது. எழுநூறு கிலோ வரை பிடிக்கும் கொக்கி. செங்கோட்டுவேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வீசினார். “ஒடைங்க, என்னைய ஒடைங்க!” என்றது கதவு. பிளாஸ்டிக் நாற்காலி கண்ணாடியில் மோதித் துள்ளி அவர் காலடியிலேயே வந்து விழுந்தது.

“அண்ணே!”

“முடியவில்லை,” என்றது பூட்டு. “பேட்டரி தூங்குகிறது. நானாக விட முடியவில்லை.”

விடமாட்டேன் என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பூட்டு, விட முடியவில்லை என்று சொன்னது அன்றுதான். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே இருந்தால் தெரியும்.

பாவாயி கதவை விட்டுத் திரும்பினாள். சமையல்கட்டைப் பார்த்து ஓடினாள்.

மாரப்பன் நின்ற இடத்திலிருந்து முற்றம் தெரியாது. அவருக்குத் தொட்டியும் தெரியாது, குழந்தையும் தெரியாது. முழங்கை வரை தயிர் வழிய ஒரு பெண் தன் நிலையை நோக்கி ஓடி வருவதுதான் தெரிந்தது. அவர் கரண்டியைத் தூக்கினார். அவள் நிற்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்ல அவளிடம் மூச்சில்லை.

மாரப்பன் அவள் முகத்தைப் பார்த்தார்.

கரண்டி இறங்கியது. அவர் தன் பெரிய உடம்பை நிலையோடு ஒட்டி ஒடுக்கிக்கொண்டார். அவள் அவரைத் தாண்டி, அடுப்புகளுக்கு நடுவே, நாளைக்குக் காய்ச்ச வைத்திருந்த பால் அண்டாவின் விளிம்பில் தயிர்க் கையை ஊன்றி வளைந்து, பின்கதவு வழியே போய்விட்டாள்.

கண்ணாடிக்குள் எல்லாரும் தொட்டியின் பக்கம் திரும்பினார்கள்.

குழந்தை தொட்டியின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உட்கார்ந்தது. ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டது. உள்ளிருந்து வந்த சத்தம் பிடித்துப்போனது போலும், கையைத் தட்டியது. இன்னொரு கல்லுக்காகக் குனிந்தது. அதற்குள் மஹாலின் மூலையைச் சுற்றிக்கொண்டு வந்த ஒரு கை அதை இடுப்போடு வாரி எடுத்தது.

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, குழந்தையோடு கண்ணாடி அருகே வந்தாள். குழந்தையின் கன்னமெல்லாம் தயிர். உள்ளே ஐம்பது பேர் வலது கையைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்பதை அது பார்த்தது. எல்லாரும் தனக்கு டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்து, அதுவும் கையைத் தூக்கி ஆட்டியது.

ஐம்பது எச்சில் கைகளும் திருப்பி ஆட்டின. யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். பிளம்பர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

“எல்லாரும் அங்க என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கறீங்க?” என்று மாரப்பன் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். “இனி என்ன சுத்தம் கெட்டுப் போகப் போகுது? வாங்க இப்பிடி. கழுவி உட்டாப் போகுது. அடுப்பத் தொடாம போங்கடா, அது போதும்.”

ஐம்பது பேரும் வரிசையாகச் சமையல்கட்டு வழியே போனார்கள். கையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அண்டாக்களுக்கு நடுவே வளைந்து வளைந்து. “வணக்கமுங்க,” என்று அடுப்புக்குச் சொல்லிவிட்டுப் போனார் டைல்ஸ்காரர். கடைசியாகப் போன ஜெனரேட்டர்காரர் கையில் பாயச டம்ளர் இன்னும் இருந்தது.

அவர் போய் ஜெனரேட்டரில் கை வைக்கும்போது கரண்டு தானே வந்துவிட்டது. கண் விழித்தது. பேட்டரி மெல்ல முனகியது.

“நான் இல்லாதப்ப என்னாச்சுங்க?”

பூட்டு கண்ணிடம் கேட்டது: “அந்தக் கரண்டிக்காரர் விட்டுவிட்டாரே. அவருக்கு யார் உத்தரவு கொடுத்தது?”

“எனக்கென்ன தெரியும்? நான் குருடாக் கெடந்தேன்.”

“பெட்டி, நீ ஏதாவது சொன்னாயா?”

பெட்டி சொல்லவில்லை என்றது.

“உத்தரவெல்லாம் இல்ல அண்ணே,” என்றது கதவு. “நான் பாத்துட்டுத்தான இருந்தேன். காரணமும் அவரு கேக்கல. மூஞ்சியப் பாத்தாரு, ஒதுங்கிட்டாரு.”

பூட்டு பேட்டரியிடம், இதுவரை இல்லாத தாழ்ந்த குரலில், “நாளைக்கும் உன்னிடம் ஒரு தள்ளு இருக்குமா?” என்று கேட்டது.

“ஒண்ணு இருக்குமுங்க. எந்தப் பக்கம் வேணும் உங்களுக்கு?”

“பூட்டை யார் கேட்கிறார்கள்,” என்றது பூட்டு.

சமையல்கட்டில் மாரப்பன் தரையில் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். பால் அண்டாவை இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். முற்றத்தில் பிளம்பர் தொட்டி மூடியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை.

பிரான்சிஸ் ஏணியைச் சாய்த்து, பெட்டியின் மூடியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு நின்றான்.

“அண்ணா, பூட்டக் கழட்டி அட்டப்பொட்டியில போட்டுக்கறதா, இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்.”

“அந்தச் சுவிட்சு?”

செங்கோட்டுவேல் கதவைப் பார்த்தார். உள்பக்கம் கண்ணாடி முழுக்கத் தயிர்க் கை. ஐந்து விரல், பத்து விரல், தோள், நெற்றி.

“நாளைக்கு எண்ணூறு பேருங்கண்ணா,” என்றான் பிரான்சிஸ். “பந்திக்கு நடுவுல கரண்டு போச்சுன்னா கூட்டம் உள்ள வந்துருமுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முறுக்கிட்டா முறுக்கினதுதான்.”

செங்கோட்டுவேல் அவன் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டார்.

“ஏணியப் புடி தம்பி.”

மேலே ஏறி, சுவிட்சைக் ‘கழட்டு’ பக்கம் தள்ளி, மூடியை வைத்து நான்கு திருகுகளையும் முறுக்கினார்.